இடப்பக்கம் பார்க்கிறவர்

ரவுண்டானாவில் ஒரு வண்டியும் இல்லை. ஆனாலும் மால்கம், "இரு" என்றார்.

அவர் மனைவி நோரீன் பிரேக்கை மிதித்தாள். பின்னால் சமையல் அலமாரிக்குள் தட்டுகள் ஒன்றோடு ஒன்று இடித்து அடங்கின. தூறல் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழுவதும், வைப்பர் அதை வழித்துவிட்டு முனகிக்கொண்டே திரும்புவதும், டீசல் இன்ஜின் சீட்டுக்கு அடியில் அதிர்வதும் தவிர வேறு சத்தமில்லை. மால்கம் இடப்பக்க ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து, கழுத்தை நீட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைச் சற்றே தூக்கி, நான்கு விரல்களை மட்டும் அசைத்து, யாரையோ முன்னால் போகச் சொன்னார். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர் அவர். சாலையைக் கடக்கத் தயங்கி நிற்கும் வயதானவர்களுக்கு அவர் காட்டுகிற கை அது.

அவர் கை காட்டிய இடத்தில் ஈரத் தார் மட்டும்தான் இருந்தது.

பின்னால் ஒரு வேன் வந்து நின்று ஹாரனை நீளமாக அமுக்கியது.

"போலாம்" என்றார் மால்கம்.

அவள் கிளப்பினாள்.

வண்டி இங்கிலாந்து வண்டி, ஸ்டியரிங் வலப்பக்கம். பிரான்சிலோ சாலையின் வலப்பக்கமாகத்தான் போக வேண்டும். அதனால் ஓட்டுகிறவர் சாலையோரப் புல்லின் பக்கம் மாட்டிக்கொள்வார். படுக்கை, சமையல் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஏழு மீட்டர் மோட்டார்ஹோம் வேறு. இடப்பக்கத்திலிருந்து என்ன வருகிறது என்பது பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். இருபது குளிர்காலம் இந்த வழியாக ஸ்பெயினுக்கு வெயில் தேடிப் போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் மால்கம் ஓட்டினார், நோரீன் பார்த்தாள். முதல் பயணத்திலேயே அவர் ஒரு விதி வைத்தார். பார்க்கிறவர் சொன்னால் சொன்னதுதான். ஓட்டுகிறவர் தானும் எட்டிப் பார்க்கக் கூடாது. "ரெண்டு பேரும் பார்த்தா, ஒருத்தரும் பார்க்கலைன்னு அர்த்தம். அப்படித்தான் ஆக்சிடென்ட் ஆகுது" என்பார்.

இரண்டு வருடம் முன்பு டாக்டர்கள் அவர் மறதிக்கு ஒரு பெயர் வைத்து, லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கெட்டில் எதற்கு என்பது அவருக்கு மறந்தது. மகள் பெயர் மறந்தது. ஒருநாள் சொந்த வீட்டு வாசலில் நின்று காலிங்பெல் அடித்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நோரீன் எழுபத்தொரு வயதில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சூப்பர்மார்க்கெட்டின் காலியான கார் நிறுத்துமிடத்தில் இந்தப் பெரிய வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் மால்கமை இடப்பக்கம் உட்கார வைத்துத் தெருவுக்கு எடுத்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் தெளிந்தது. "போலாம்" என்றார், "இரு" என்றார், ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதாள்.

கப்பல் ஏறும் அன்று மகள் டெப் துறைமுகம் வரை வந்திருந்தாள்.

"அம்மா, அப்பா சொல்றத நம்பியா நீ ரெண்டு தேசம் தாண்டப் போற?"

"நீ பொறந்ததுல இருந்து அவர் கண்ண நம்பித்தான் இருக்கோம்."

"அதெல்லாம் அப்போ. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் தப்பாச் சொன்னாலும் திரும்பி வந்துடணும். அப்புறம் முதியோர் ஹோம் பத்திப் பேசுவோம். சத்தியம் பண்ணு."

நோரீன் சத்தியம் செய்தாள். மால்கமுக்கும் அவள் ஒரு சத்தியம் செய்திருந்தாள், டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று, கார் நிறுத்துமிடத்தில். எந்த ஹோமிலும் உன்னைக் கொண்டுபோய் விடமாட்டேன் என்று.

இப்போது ஒன்றுமில்லாத சாலையில் அவர் "இரு" என்றுவிட்டார். இது தப்பா? வண்டி வரும்போது "போலாம்" என்றால்தான் தப்பு. சும்மா நிற்கச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டே அவள் அடுத்த ரவுண்டானா வரை ஓட்டினாள். அங்கேயும் அவர், "இரு" என்றார்.

சாயங்காலம் ஒரு சின்ன ஊரின் குளத்தங்கரையில், மோட்டார்ஹோம்கள் தங்குவதற்கென்று ஊர்க்காரர்கள் விட்டிருந்த இடத்தில் நிறுத்தினார்கள். ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. நோரீன் தக்காளி சூப்பைச் சூடாக்கி, ரொட்டியில் வெண்ணெய் தடவி அவர் முன்னால் வைத்தாள்.

"பாவம், ஒருத்தருக்கும் கோட்டு இல்ல" என்றார் மால்கம்.

"யாருக்கு?"

"நடந்து போறாங்களே, அவங்களுக்கு."

ஸ்பூன் அவள் கையில் நின்றது. "எத்தனை பேரு?"

"எண்ணறதுக்கு நான் என்ன கண்டக்டரா? பஸ்ஸே கொள்ளாது, அவ்வளவு பேரு."

"எங்க போறாங்களாம்?"

"வெயிலுக்குத்தான். வேற எதுக்குப் போவாங்க இந்தக் குளிர்ல? நம்மள மாதிரிதான்." அவர் ரொட்டியை சூப்பில் முக்கினார். "நம்மகிட்ட வண்டி இருக்கு. அவங்க கால்ல போறாங்க. அவ்வளவுதான்."

நோரீன் சிரித்துவிட்டாள். இவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

"ஒருத்தன் மட்டும் நின்னு நின்னு நம்மளப் பார்க்கிறான் நோரி. தெரிஞ்ச ஆளுதான். பேரு நாக்கு நுனியிலயே நிக்குது, வரமாட்டேங்குது."

"டிப்போல கூட வேலை செஞ்ச ஆளா?"

"அப்படித்தான் இருக்கணும். டிப்போ ஸ்வெட்டர்தான் போட்டிருக்கான். நீலம். முழங்கையில தோல் ஒட்டு."

அவர் மேஜைமேல் ஊன்றியிருந்த முழங்கையை நோரீன் பார்த்தாள். நீல ஸ்வெட்டர். நூல் பிரிந்துபோன இடத்தில் பழைய கைப்பையிலிருந்து தோல் வெட்டி அவளே தைத்த ஒட்டு.

"எல்லாருக்கும் அதே ஸ்வெட்டர்தானே குடுத்தாங்க" என்றாள்.

"ஆமா" என்றார் மால்கம். "ஆனா ரொம்பக் களைச்சுப் போயிருக்கான்."

காலையில் புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடந்தது. கழிவுநீர்த் தொட்டியைத் திறந்துவிட நோரீன் கீழே இறங்கியபோது அந்தப் பனியில் தடம் தெரிந்தது. செருப்பில்லாத கால். குளத்தின் பக்கமிருந்து வந்து, மால்கம் படுத்திருந்த பக்கத்து ஜன்னலுக்குக் கீழே முடிந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் பனி உருகிப் பச்சைப் புல் தெரிந்தது. யாரோ ரொம்ப நேரம் நின்றிருக்கிறார்கள். வந்த தடம் இருந்தது, போன தடம் இல்லை. அவள் உள்ளே ஓடி மால்கமின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்து, சூடாக இருந்தன.

அன்றைக்குப் பைன் காடு. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் மரங்கள், நடுவில் கோடு கிழித்த மாதிரி சாலை, பிசின் வாசனையும் லாரிகள் வாரியிறைக்கும் சேற்றுநீரும். வண்டிக்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. நனைந்த கம்பளியின் வாசனை. ஹீட்டர்மேல் ஏதாவது துணி விழுந்து கிடக்கிறதா என்று தேடினாள். இல்லை. மால்கமின் ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தாள். அது சோப்பு மணத்தது.

"இரு." டீசல் போட்ட இடத்திலிருந்து வெளியே வரும்போது. "இரு." பாலத்துக்கு முன்னால். "இரு, இரு, இரு." ஒரு ரவுண்டானாவில் முழுதாக ஆறு நிமிடம். லாரிக்காரன் ஒருவன் இறங்கிவந்து அவள் ஜன்னலைத் தட்டி, தலையைச் சுட்டி ஏதோ கத்திவிட்டுப் போனான். மால்கம் அவனைக் கவனிக்கவே இல்லை. விரல்களை அசைத்து அசைத்துப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்கள் இடமிருந்து வலமாக ஒருவர் பின் ஒருவராக எண்ணுவதுபோல் நகர்ந்ததை நோரீன் பார்த்தாள். ஒன்றுமில்லாததைப் பார்க்கிற கண் இப்படி நகராது.

மத்தியானம் டெப் போன் பண்ணினாள்.

"எல்லாம் சரியாப் போகுதா? அப்பா ஒழுங்காச் சொல்றாரா?"

"ஒண்ணுகூடத் தப்பல" என்றாள் நோரீன்.

போனை வைத்த பிறகு அவள் விதியை மீறத் தொடங்கினாள். அவருக்குத் தெரியாமல், ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து, தானும் இடப்பக்கம் பார்த்தாள். "இரு" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சாலை காலி. அவருக்காக நின்றாள். இன்னும் ஒரே ஒரு நாள். வெயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் வண்டி மூன்று மாதம் ஒரே இடத்தில் நிற்கும். பார்க்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

ஸ்பெயினுக்குள் நுழைந்து மலைப்பாதையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிதான். ஆனால் வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடிமாதிரி இருந்தது. டீசல் பங்க்கிலிருந்து வெளியேறும் பாதை, வேகம் பிடித்துச் சேர இடமே விடாமல், பெரிய சாலையில் கொண்டுபோய் முட்டியது. நின்று, பார்த்து, ஒரே மூச்சில் ஏற வேண்டும். பின்னால் ஒரு மரம் ஏற்றிய லாரி வந்து ஒட்டி நின்றது. அதன் விளக்கு வண்டியின் பக்கக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் நிரப்பியது.

"இரு" என்றார் மால்கம்.

அவள் இருந்தாள். லாரி ஹாரன் அடித்தது.

"இரு. அந்த ஆளு. நடுவுல நிக்கிறான்."

அவள் கவிழ்ந்து பார்த்தாள். மழை. தார். வெள்ளைக் கோடு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எதுவுமே இல்லை. இப்போது விட்டால் தூரத்து வளைவில் வண்டிகள் வந்துவிடும்.

"யாரும் இல்ல மால்கம்."

"இருக்கான் நோரி. நம்மளையே பார்க்கிறான். கை காட்டறேன், போகமாட்டேங்கறான். இரு. பேரு வந்துடும். இரு..."

லாரியின் ஹாரன். மறுபடியும். நிறுத்தாமல்.

"நான் பார்த்துட்டேன். காலியா இருக்கு."

அவர் திரும்பினார். அவள் பார்த்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. அந்த முகத்தை நோரீன் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நினைத்தாள். கோபம் இல்லை அதில். கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டதும் குழந்தையின் முகம் போகிற மாதிரி போயிற்று.

அவள் கிளட்ச்சை விட்டாள்.

முன் சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. மெத்தென்று. பிறகு பின் சக்கரமும்.

இரண்டு தடவை.

ஓரமாக நிறுத்தினாள். மழையில் இறங்கி ஓடினாள். லாரி அவளைத் தாண்டிப் போயிற்று. சாலையில் எதுவும் இல்லை. மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தாள். எதுவும் இல்லை. சக்கரங்களைக் கையால் தடவினாள். தண்ணீர். வெறும் தண்ணீர்.

"ஒண்ணுமில்ல" என்றாள், ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்க. "ஒண்ணுமே இல்ல மால்கம். ஏதோ பள்ளம்."

மால்கமின் இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் சத்தம் வந்த பக்கம் திரும்பின, ரேடியோ பாடினால் அதைப் பார்ப்பதுபோல.

அடுத்த ரவுண்டானாவில் நின்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள். காத்திருந்தாள். அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் பெல்ட்டைக் கழற்றி, அவர் மேலாகக் குனிந்து, அவர் ஜன்னலில் முகத்தை வைத்து அவளே பார்த்தாள். ஐந்நூறு கிலோமீட்டர். ஒவ்வொரு தடவை குனியும்போதும் அவள் மூக்கு அவர் கழுத்தை உரசியது. நாற்பத்தெட்டு வருடமாகத் தெரிந்த கழுத்து. அதில் எந்த வாசனையும் இல்லை.

"மூளையில சின்னதா ஒரு அடைப்பு வந்திருக்கலாம்" என்றார் கடற்கரை ஊரின் டாக்டர். "இந்த நோய் படிப்படியா இறங்கும். சில சமயம் ரெண்டு மூணு படி சேர்த்து இறங்கிடும். உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல."

நோரீன் தலையாட்டினாள். சக்கரம் இரண்டு தடவை ஏறி இறங்கியதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் இருந்தது. வாக்குக் கொடுத்த மாதிரி, தினமும். அவர்கள் தங்கிய கேம்ப்பைச் சுற்றி ஆரஞ்சுத் தோட்டம், வேலிக்கு அப்பால் கடல், சரளைக்கல் பரப்பிய சதுரங்களில் வரிசையாக மோட்டார்ஹோம்கள். நோரீன் தினமும் பத்து மணிக்கு மால்கமை மடக்கு நாற்காலியில் வெயிலில் உட்கார வைத்தாள். ஸ்பூன் வந்தால் வாயைத் திறந்தார். கையைப் பிடித்துத் தூக்கினால் எழுந்தார். எதிர்ச் சதுரத்தில் இருந்த பாட் என்பவள் ஒவ்வொரு வருடமும் வருகிறவள், வாய் ஓயாதவள்.

"ஏம்மா நோரீன், மனுஷன வெயில்ல உக்கார வச்சிருக்கியா, காயப் போட்டிருக்கியா? தொப்பியப் போட்டு விடு, மண்டை வெந்துடும்."

"தொப்பி போட்டா எடுத்து எறிவாரு."

"எறியட்டுமே. எறிஞ்சா நல்லதுதான்."

நோரீன் தொப்பியைப் போட்டாள். அது சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. பாட் அதற்குப் பிறகு ஜோக் அடிக்கவில்லை. தினமும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, நோரீனின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

ஐந்தாவது வாரம் டெப் போனில் அழுதாள்.

"சனிக்கிழமை வர்றேன். அப்பாவ விமானத்துல கூட்டிட்டுப் போயிடலாம். ஹோம்ல ஒரு ரூம் காலியாயிருக்கு."

"காலியாச்சுன்னா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம்."

"அம்மா."

"நான் உங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் டெப்."

"எனக்கும்தான் பண்ணின. அம்மா, அவருக்கு இப்ப உன்னையே தெரியல. எந்தச் சத்தியத்த அவர் ஞாபகம் வச்சிருக்கப் போறாரு?"

அந்தப் போன் வந்தது திங்கட்கிழமை. அன்று மத்தியானம்தான் முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து நான்கு வரை கேம்ப் முழுவதும் உறங்கும். நாய்கூடக் குரைக்காது. பின்கட்டில் இருந்த கட்டிலில் மால்கமைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்து, திரையைப் பாதி இறக்கி, நோரீன் ஓரத்தில் படுத்திருந்தாள். திரையின் இடுக்கில் வெயில் கத்தி மாதிரி இறங்கி மால்கமின் கைமேல் கிடந்தது. தூரத்தில், ஆரஞ்சுத் தோட்டத்து மண்பாதையில், எதையோ இழுக்கிற சத்தம். ஒரு இழுப்பு. ஓய்வு. ஒரு இழுப்பு. நீண்ட ஓய்வு. பழக்கூடையை இழுக்கிறார்கள் என்று நினைத்தாள். நான்கு மணிக்கு எழுந்து பார்த்தபோது தோட்டத்தில் யாரும் இல்லை.

செவ்வாய் அன்று அது கேம்ப் வாசலில் கேட்டது.

புதன்கிழமை, பாத்திரம் கழுவும் தொட்டிகள் பக்கம். இப்போது சரளைக்கல்லின்மேல். கற்கள் நெரிபட்டு, உருண்டு, அமரும் சத்தம். ஒரு இழுப்பு. ஓய்வு.

வியாழக்கிழமை காலை பாட்டின் புருஷன் கோர்டன் வாரியை எடுத்துக்கொண்டு திட்டிக்கொண்டே வெளியே வந்தார். அவர் தன் சதுரத்துச் சரளையைத் தினமும் சமமாக வாரி வைப்பவர்.

"எவனோ மூட்டைய இழுத்துட்டுப் போயிருக்கான் பாரு, என் தரை வழியா. தூக்கிட்டுப் போக முடியாதா, சோம்பேறிப் பய."

"உன் தரையா? போன வருஷம் பட்டா வாங்கிட்டியா?" என்றாள் பாட்.

நோரீன் போய்ப் பார்த்தாள். ஒரு ஆள் அகலத்துக்குத் தடம். அதன் இரண்டு பக்கமும், ஒன்று விட்டு ஒன்று, சின்னச் சின்னப் பள்ளங்கள். ஐந்து விரலால் பறித்த மாதிரி. தடம் கோர்டனின் சதுரம் வரை வந்திருந்தது. அதற்கு மேல் இல்லை.

"என்ன நோரீன், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றாள் பாட்.

"தூக்கமில்ல."

அன்று மத்தியானம் சத்தம் சீக்கிரம் நின்றது. எதிர் வண்டிக்குப் பின்னால். அதற்குப் பிறகு மூச்சு கேட்டது. இரண்டு குட்டை மூச்சு, ஒரு விசில். இரண்டு குட்டை மூச்சு, ஒரு விசில். சின்ன வயதில் கால்பந்து பட்டு மூக்கெலும்பு உடைந்தவர் மால்கம். மாடிப்படி ஏறி வந்தால் இப்படித்தான் மூச்சு விடுவார். அவர் அறைக்கு வருவது அவர் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

பக்கத்தில் படுத்திருந்தவரை அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மூச்சு எண்ணெய் மாதிரி வழுவழுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விசில் இல்லை. ஐந்து வாரமாகவே இல்லை. அவளுக்கு அது தெரிந்துதான் இருந்தது. தெரியும் என்பதை நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

தெரிஞ்ச ஆளு. பேரு வரமாட்டேங்குது.

கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்ததெல்லாம் எங்கேயோ போய் மறைந்துவிடவில்லை. கோட்டு இல்லாமல், செருப்பு இல்லாமல், அவர் பார்த்த அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து, இவர்கள் வண்டி கூடவே நடந்து வந்திருக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் மால்கம் வண்டியை நிறுத்தி வழி விட்டிருக்கிறார். அன்று அது நடு ரோட்டில் நின்றது ஏறிக்கொள்வதற்காக இருக்கலாம். பேர் வந்திருந்தால் அவர் கூப்பிட்டிருப்பார். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் அவள் பொறுத்திருந்தால்.

ஐந்நூறு கிலோமீட்டர், கையால் தன்னை இழுத்துக்கொண்டு. எத்தனை நாள் ஆகும் என்று அவள் கணக்குப் போடவில்லை. போட்டால் சரியாக வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. நாளைக்கு டெப் வருகிறாள். மால்கமின் பெட்டியைக் காலையிலேயே கட்டி வைத்தாள். நீல ஸ்வெட்டரை மடித்து மேலாக வைத்தாள். சாப்பாடு ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். இரண்டு மணிக்கு அவரைப் படுக்க வைத்தாள். பிறகு போய் வண்டிக் கதவைத் திறந்தாள். படியைக் கீழே இறக்கிவிட்டாள். முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கிகளை ஒவ்வொன்றாகச் சுழற்றி மேலே ஏற்றினாள், வண்டி எவ்வளவு முடியுமோ அவ்வளவு தாழ்ந்து நிற்கட்டும் என்று. படியில் வெயில் காய்ந்தது. பாட்டின் துணிக்கொடியில் துண்டு ஒன்று அசையாமல் தொங்கியது.

திரும்பி வந்து, மால்கமின் முகத்தைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தாள். கதவுக்கு முதுகு காட்டி. அதைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. பூட்டி வைக்கும் தைரியமும் இல்லை.

இழுப்பு. ஓய்வு.

சரளை நெரிந்தது.

இரண்டு குட்டை மூச்சு, ஒரு விசில்.

படிக்குக் கீழே வந்து நின்றது. நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு இரும்புப் படியில் நகங்கள். வழுக்கின. மறுபடியும். வழுக்கின.

"வா" என்றாள் திரும்பாமலேயே. "கதவு தொறந்துதான் இருக்கு. மெதுவா வா. அவசரமே இல்ல."

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அலமாரியில் ஒரு டம்ளர் நகர்ந்து மற்றொன்றைத் தொட்டது. தரை விரிப்பு சுருண்டது. நனைந்த கம்பளியின் வாசனை, அதற்கு அடியில் டீசல், அதற்கும் அடியில் அவள் நாற்பத்தெட்டு வருடமாக முகர்ந்த கழுத்தின் வாசனை.

அவள் அழுதாள். சத்தம் வராமல்.

முதுகுப் பக்கம் மெத்தை அமுங்கியது. குளிர். மழைக்காலத்துத் தார் ரோட்டின் குளிர்.

"மன்னிச்சுடு" என்றாள். "நான் பார்த்தேன். ஆனா எனக்குத் தெரியல. மன்னிச்சுடு."

ஒரு கை அவள் தலைமேல் வந்து படிந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரை, முடி போகிற திசையிலேயே, மெதுவாக, அவள் தூங்காத இரவுகளில் மால்கம் தடவுவது போலவே தடவியது. உள்ளங்கை முழுதும் பொடிக்கல். ஒவ்வொரு தடவலுக்கும் சில கற்கள் உதிர்ந்து தலையணையில் விழுந்தன. விரல்களில் இரண்டு, வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தன.

மால்கமின் இரண்டு கைகளும் அவள் கண்முன்னால், போர்வைமேல், வெயில் கோட்டில் கிடந்தன.

ஐந்து வாரமாக எதையும் பார்க்காத அவர் கண்கள் நகர்ந்தன. அவள் முகத்தில் நிற்கவில்லை. அவள் தோளைத் தாண்டின. அவளுக்குப் பின்னால் இருந்ததில் போய் நின்றன. விரிந்தன. அவர் முதுகை இழுத்துச் சுவரோடு ஒட்டினார். இன்னும் ஒட்டினார். ஒட்டுவதற்கு இடமில்லாத பிறகும் குதிகாலால் மெத்தையை உதைத்து உதைத்து ஒட்டினார். சத்தமே இல்லாமல் வாய் திறந்துகொண்டே போயிற்று.

பின்னாலிருந்த கை அவளைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு அவளைத் தாண்டி அவரை நோக்கி நீண்டது.